சொக்கையா காம்பவுண்டின் நீளம்

அழகுராணியின் வயிற்றிலிருந்து பதிமூன்று அங்குலக் குடலை வெட்டியெடுத்த அன்று காலையில் சொக்கையா காம்பவுண்டு பதிமூன்று அடி குறைந்துபோனது என்பதை மதுரையில் அந்தப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், அடித்துச் சொல்லுவார்கள், ஏனென்றால் அது குறைந்த அந்த நேரத்தில் பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள், இரண்டு பேர் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் கக்கூசில் இருந்தார், அவர் உள்ளே போனபோது இருந்த தூரம் வெளியே வந்தபோது இல்லை.

காம்பவுண்டு என்றதும் பங்களாவும் மதிலும் நினைவுக்கு வர வேண்டாம். தெருவுக்கும் ரயில்வே சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு முடுக்கு. ஒரு பக்கம் வெறும் சுவர், மறு பக்கம் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்குப் பன்னிரண்டடி அகலம். தெருவாசலில் ஒரே ஒரு குழாய், கடைசியில் ரயில்வே சுவரோரம் மூன்று கக்கூஸ். காலையில் அந்த மூன்றுக்கும் முன்னால் மனிதர்கள் நிற்பதில்லை, வாளிகள்தான் நிற்கும்; வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போய் அடுப்பு வேலையைப் பார்க்கலாம், முறை வந்தால் பக்கத்து வாளிக்காரர் குரல் கொடுப்பார். அந்த வரிசையில் ஒரு சிவப்பு வாளி மட்டும் எப்போது வந்தாலும் முன்னால் போகும். ஆபீசுக்கு நேரமான ஆம்பளைகள்கூடத் தங்கள் வாளியை ஒதுக்கி வழிவிடுவார்கள். அது ஐந்தாம் வீட்டு அழகுராணியின் வாளி.

அவளுக்கு இருபத்தெட்டு வயதில் வந்தது வயிற்றுவலி. கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். சாப்பிட்ட அரை மணிக்குள் தொப்புளுக்கு வலப்பக்கம் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும், அப்புறம் ஓட்டம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினாலு தடவை. முதலில் தொக்கம் எடுக்கிறவளிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், அவள் வயிற்றை நீவி நீவி ஒரு எலுமிச்சை விதையும் ஒரு தலைமுடியும் எடுத்துக் காட்டினாள். அடுத்து ஒரு டாக்டர் குடலில் காசநோய் என்று ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார், ஒன்பது மாதமும் மூத்திரம் செங்கல் நிறத்தில் போனதுதான் கண்ட பலன். சோற்றைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது அவளுக்கு. அவள் புருஷன் பால்ச்சாமி மினிபஸ் கண்டக்டர், நல்ல சாப்பாட்டுக்காரன், ஆனால் அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட மனம் வராமல் வெளியில் எங்காவது முடித்துவிட்டு வந்து, "எனக்கு இன்னைக்குப் பசியே இல்ல ராணி" என்று கூசாமல் பொய் சொல்லுவான். அவன் சட்டையில் பரோட்டா வாசம் அடிக்கும். அவள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துகொள்வாள்.

கடைசியில் டாக்டர் இன்பசேகரன் என்பவர் குழாய் விட்டு உள்ளே பார்த்து, அதற்கு க்ரோன்ஸ் என்று பெயர் சொன்னார். பால்ச்சாமி அது என்ன கிருமி என்று கேட்டான்.

"கிருமியும் இல்ல, புத்துநோயும் இல்ல. இவங்க உடம்பே இவங்க குடலப் பகையாளின்னு நெனச்சுக்கிட்டு அடிக்குது."

"எதுக்கு சார் அப்படி நெனைக்குது?"

"அது எனக்கும் தெரியாதுப்பா. புண்ணு ஆறி ஆறி ஒரு எடத்துல சுருங்கிப்போச்சு, பென்சில் நுழையாது. அந்த எடத்த வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தச்சிருவேன். நல்லாருப்பாங்க. ஆனா நான் எடத்தத்தான் வெட்ட முடியும், நோய வெட்ட முடியாது. அதத் தெரிஞ்சுக்கங்க."

தெரிந்துகொண்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும், அங்கே வழக்கம்போல, எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து வீட்டு ஆளுக்குக் காட்டினார்கள். பால்ச்சாமி கண்ணை மூடிக்கொண்டு, "எவ்வளவு நீளம் சார்?" என்று மட்டும் கேட்டான். பதிமூன்று அங்குலம் என்றார்கள். பிளாஸ்க் எடுக்க அவன் வீட்டுக்கு வந்தபோது காம்பவுண்டே முடுக்கில் நின்றுகொண்டிருந்தது, ஒன்பதாம் வீட்டு சண்முகக்கனி கையில் இஞ்சி டேப்போடு குனிந்து குனிந்து அளந்துகொண்டிருந்தாள், அவள்தான் மகளிர் குழுத் தலைவி, காம்பவுண்டில் எது நடந்தாலும் அவள் அளக்காமல் நடக்காது.

"எவ்வளவு குறையுது?" என்று பால்ச்சாமி கேட்டான்.

"பதிமூணு அடி" என்றாள் சண்முகக்கனி.

அவன் பிளாஸ்கை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

போனது ஏழாம் வீடு. நல்லவேளை, பூட்டிக் கிடந்த வீடு. வீட்டுக்காரரின் பழைய பீரோவும் கட்டிலும் உள்ளே இருந்தன, குட்டி போட்ட பூனை ஒன்றும் இருந்தது, எதுவும் திரும்பி வரவில்லை. மிச்சம் ஒரு அடி எட்டாம் வீட்டில் குறைந்தது, அங்கே குடியிருந்த தையல்காரர் லூர்துவின் மூன்று கதவு அலமாரி இரண்டு கதவு அலமாரியாக நின்றது, வெட்டிய அடையாளமே இல்லை, ஆசாரி செய்த நாளிலிருந்து இரண்டு கதவுதான் என்பதுபோல் நின்றது. ஆறாம் வீட்டுச் சுவரும் எட்டாம் வீட்டுச் சுவரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சேர்ந்த இடத்தில் தரையிலும் சுவரிலும் லேசாகப் புடைத்த ஒரு கோடு, கை வைத்தால் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், தண்ணீர் வராத நாளை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. தொய்ந்துபோன கொடிக்கயிறுகளை இழுத்துக் கட்டினார்கள். தொங்கிய கரண்ட் வயரைச் சரிசெய்ய வந்த லைன்மேன், "கம்பம் நகந்துருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேலையை முடித்துக்கொண்டு போனான். சர்வேயர் வந்தார், ஒரு நாள் முழுக்க அளந்தார், தெருவாசல் நகரவில்லை, ரயில்வே சுவரும் நகரவில்லை, நடுவில் மட்டும் பதிமூன்று அடி இல்லை என்று கண்டுபிடித்தார், அதை எழுதுவதற்கு எந்தப் படிவமும் இல்லாததால் நீளம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தபால்காரர் ஆறுக்கு அப்புறம் எட்டு என்று பழகிக்கொண்டார். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் அந்தக் கோட்டில் சாமி படம் மாட்ட ஆணி அடித்தபோது, இரண்டு மைல் தள்ளி ஜெராக்ஸ் கடையில் அழகுராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். அதிலிருந்து கோட்டில் யாரும் ஆணி அடிப்பதில்லை, பெருக்கும்போதுகூட அந்த இடத்தில் விளக்குமாற்றை மெதுவாக விட்டார்கள். குடம் தூக்குகிற பெண்களுக்கு நடை மிச்சம் என்பதால் உள்ளூரச் சந்தோஷம்தான். அழகுராணிக்கு வாசலிலிருந்து கக்கூசுக்கு நாற்பத்தாறு எட்டு நடையாக இருந்தது நாற்பதாகிவிட்டது. அந்த ஆறு எட்டு எத்தனை பெரிய விஷயம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நான்கு வருடம் நன்றாக இருந்தாள். இட்லி சாப்பிட்டாள், ரசம் சாப்பிட்டாள், ஒரு சித்திரைத் திருவிழாவில் பானகம்கூடக் குடித்தாள். நாற்பத்தொன்பது கிலோ வந்தாள். ஐந்தாம் வருடம் பங்குனியில் ஒரு மத்தியானம் அதே இடத்தில் அதே முறுக்கல் வந்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் கையை வைத்துக்கொண்டு, இது அது இல்லை, வேறே ஏதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆடி பிறப்பதற்குள் முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டாள், குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள், வயிறு உப்பிக்கொண்டு நின்றது.

"தச்ச எடத்துக்கிட்டதான் திரும்ப வரும், அதுதான் இந்த நோயோட கொணம்" என்றார் டாக்டர் இன்பசேகரன். "சேத்த எடத்துக்கு மேல்பக்கம் சுருங்கியிருக்கு. பதினாலு இஞ்சாவது எடுக்கணும். ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க, வெடிச்சிட்டா என் கையில இல்ல."

பால்ச்சாமி ஒன்றே ஒன்று கேட்டான். "மேல்பக்கம்னா எது சார்?"

"ஆத்துல பாத்ததில்லையா? தண்ணி எங்கிட்டிருந்து வருதோ அது மேல்பக்கம். எங்கிட்டுப் போகுதோ அது கீழ்ப்பக்கம்."

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

காம்பவுண்டு கூடியது. சண்முகக்கனி குழு நோட்டில் தேதி போட்டாள். கோட்டுக்கு ஒரு பக்கம் ஆறாம் வீடு, மறு பக்கம் எட்டாம் வீடு. லூர்து மகனோடு திண்டுக்கல்லுக்குப் போய்விட்டதால் எட்டாம் வீடு காலியாகப் பூட்டிக் கிடந்தது. ஆறாம் வீட்டில் ஜைத்தூன் பீவி இருந்தாள், அவள் புருஷன் கேரளாவில் ஒரு பேக்கரியில் வேலை, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள்தான் குடும்பத்தை ஓட்டினாள். அழகுராணிக்கு ஓட்டம் எடுத்த நாட்களில் அவள் சேலையை அலசிப் போட்டவள் ஜைத்தூன், கேட்காமலே அலசிப் போட்டவள். போகப்போவது எந்தப் பக்கம் என்று பேசுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணி எங்கிட்டிருந்து வருது? குழாயிலிருந்து. குழாய் எங்கே? தெருவாசலில். அரிசி பருப்பு எந்தப் பக்கம் வருது? தெருவாசலில்தான். கக்கூஸ் எங்கே? கடைசியில். அப்புறம் என்ன, வாசல்தான் வாய், கக்கூஸ்தான் கடைசி, மேல்பக்கம் என்றால் வாசல்பக்கம், ஆக ஆறாம் வீடு. பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றார்கள்.

பதினாலு அடியில் ஆறாம் வீடு முழுசாகவும் ஐந்தாம் வீட்டில் இரண்டு அடியும் போகும். சண்முகக்கனி அளந்து சாக்பீசால் கோடு போட்டாள், அந்தச் சாக்பீஸ் கோடு அழகுராணி வீட்டு அடுப்பங்கரை வழியாகப் போனது.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அழகுராணியை வதைத்தது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், உனக்காக எங்க வீடு போகணுமா என்று கேட்டிருந்தால் அவளும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சண்டை போட்டிருப்பாள், மனம் லேசாகியிருக்கும். அவர்களோ அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள், சிரித்தார்கள், வாளியை முன்னால் தள்ளிவைத்தார்கள். அவள் நாளைக்கு வர்றேன், அடுத்த வாரம் வர்றேன் என்று டாக்டரிடமிருந்து ஒன்றரை மாதம் ஒளிந்தாள். இளநீரும் கஞ்சித்தண்ணியுமாகக் கிடந்தாள்.

ஒரு நாள் ஜைத்தூன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏண்டி, எனக்காகத்தான் சாகப் பாக்குறியா?"

"ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்க எங்கக்கா போவீங்க?"

"மேலூர்ல எங்கண்ணன் இல்லையா? செவுத்துக்குள்ளயா குடும்பம் இருக்கு? வீடு போனா போகுது. நீ போனா இந்தக் காம்பவுண்டுல நான் யாரு கூடப் பேசுவேன், அந்தச் சண்முகக்கனி கூடவா?"

அழகுராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. மறுநாள் பால்ச்சாமியிடம் சரி என்றாள்.

சாமான்களைக் காலி செய்வதை ஒரு திருவிழாவைப்போலச் செய்தார்கள். எட்டாம் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, ஆறாம் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் பத்திரமான பக்கத்துக்கு, அதாவது எட்டாம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிரைண்டர் போனது, தையல் மெஷின் போனது, ஜைத்தூனின் கல்யாணப் பாய் போனது. அழகுராணி வீட்டிலிருந்தும் அடுப்பு, பாத்திரம், டி.வி. என்று முக்கியமானதெல்லாம் போனது, ஏனென்றால் இரண்டு அடி என்று சொன்னது மூன்று அடியானால் என்ன செய்வது என்று சண்முகக்கனி பயமுறுத்தியிருந்தாள். "நீயும் எட்டுலயே படுத்துக்க பால்ச்சாமி" என்று அவளே பாயை விரித்துக் கொடுத்தாள். பிள்ளைகள் மேலூருக்குப் போனார்கள். ஜைத்தூன் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பெண்கள் வார்டில் கூட இருக்கப் பெண்ணைத்தான் விடுவார்கள்.

பால்ச்சாமி இரண்டு நாளாக வெளியே வராந்தாவில் உட்கார்ந்தபடியே கிடந்தான், ரத்தம் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான், மருந்துக் கடைக்கு ஓடினான். ஆபரேஷன் அன்று விடிந்தபோது அவன் கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது. ஆபரேஷன் பதினொரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

"போய் ரெண்டு மணி நேரம் கண்ணசந்துட்டு, குளிச்சிட்டு வா தம்பி" என்றாள் ஜைத்தூன். "நான் இருக்கேன்ல."

அவன் அழகுராணியைப் பார்த்தான். அவள் போகச் சொல்லித் தலையாட்டினாள். "சாப்ட்டுட்டு வாங்க மாமா" என்றாள். "எனக்குப் பசியே இல்ல ராணி" என்றான் அவன்.

எட்டு மணிக்கு முதலில் போக வேண்டிய நோயாளிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, அதனால் அழகுராணியை முன்னால் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் நகரும்போது அவள் ஜைத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு வந்தா சொல்லிருங்கக்கா" என்றாள்.

மயக்கம் தெளிந்தபோது வாயெல்லாம் வறண்டிருந்தது, மூக்கில் குழாய், வயிற்றில் நீளக் கட்டு. டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது, சேர்த்த இடம் நன்றாக இருக்கிறது, பதினாலு அங்குலம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பால்ச்சாமி வரவில்லை. டூட்டி மாற்றிவிட்டார்கள் என்றாள் ஜைத்தூன். மறுநாள் காம்பவுண்டிலிருந்து ஒவ்வொருத்தராக வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள், அவன் டூட்டியில் இருக்கிறான் என்று அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பொய் சொல்வதில் பால்ச்சாமிக்கு இருந்த சாமர்த்தியம் அவர்களில் ஒருத்தருக்கும் இல்லை.

மூன்றாம் நாள் அழகுராணி ஒன்றைக் கவனித்தாள். வந்து போன அத்தனை பேரில் ஒருவர்கூட ஜைத்தூனிடம் இனி எங்கே இருக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. வீடு பறிகொடுத்தவளிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"அக்கா, உங்க வீடு போயிருச்சா?"

ஜைத்தூன் முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"இல்லத்தா. என் வீடு அப்படியே இருக்கு."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழகுராணி கத்தினாள். தையல் பிரிந்துவிடும் என்று நர்சுகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். காலை எட்டரை மணிக்கு எட்டாம் வீட்டில் மிச்சமிருந்த பதினோரு அடியும் போய்விட்டது, ஒன்பதாம் வீட்டில் மூன்று அடியும் போய்விட்டது. சண்முகக்கனி தன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், கை நீட்டினால் எட்டாத மிளகாய்த்தூள் டப்பா திடீரென்று கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அவள் வெளியே ஓடிவந்து பார்த்தபோது ஆறாம் வீடு, அதை ஒட்டி அவள் வீடு. நடுவில் ஒன்றும் இல்லை. கிரைண்டர் இல்லை, தையல் மெஷின் இல்லை, பாய் இல்லை, பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் இல்லை.

ஆம்பளைகள் கடப்பாரை எடுத்துக்கொண்டு கோட்டில் தோண்டினார்கள். இரண்டு அடிதான் தோண்டியிருப்பார்கள், ஆஸ்பத்திரியில் அழகுராணியின் கட்டு நனைந்து சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கி, டாக்டர்கள் ஓடிவந்தார்கள். ஜைத்தூன் வார்டு வாசலில் நின்று போனில், "நிறுத்துங்க, நிறுத்துங்க, இவ செத்துருவா" என்று அலறினாள். கடப்பாரையைக் கீழே போட்டார்கள். தோண்டிய குழியில் பழைய சிமெண்டுக் குழாய் ஒன்று தெரிந்தது, அது உடைந்து நாற்றம் அடித்தது, அதனால் அடைப்பு எடுக்க வருகிறவரைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் காம்பவுண்டு அடைப்பை அவர்தான் எடுக்கிறார், அவர் பெயர் நாகையா என்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர் குழிக்குள் இறங்கி, குழாயை ஒட்டிவிட்டு, ஏறி வந்து, எல்லாரும் ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னார்கள். வாசல்தான் மேல்பக்கம் என்று நினைத்தோம் என்றார்கள்.

"வாசலா?" என்றார் நாகையா. "இந்தக் காம்பவுண்டுக்கு வாட்டமே வாசலப் பாத்துத்தாங்க. கக்கூஸ்ல விட்டா அது முடுக்குக்கு அடியில ஓடித் தெருச் சாக்கடைக்குத்தான் போகும். ரயில்வே சொவருக்கு அங்கிட்டு எங்க போகும்? கக்கூஸ் பக்கந்தான் மேடு. எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவர்கள் கண்ணுக்குக் கக்கூசில் ஊற்றியது கக்கூசோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் அது எங்கே போகிறது என்று அந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒருவருக்கும் ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் அழகுராணி வீட்டுக்கு வந்தாள். பால்ச்சாமியைக் காணவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, அவர்கள், அவன் கடைசியாக உடுத்தியிருந்த உடையின் நிறம் கேட்டார்கள், ஏழு வருடம் வராவிட்டால் சர்டிபிகேட் வாங்கலாம் என்றார்கள். காரியம் செய்வதா வேண்டாமா என்று காம்பவுண்டு பேசியது. செத்ததை யாரும் பார்க்கவில்லை, அதனால் தாலியைக் கழற்ற வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். பொட்டு வைப்பதா என்ற பேச்சை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அவன் சட்டை ஒன்று கொடியில் காய்ந்தபடி இருந்தது, அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விட்டுவைத்தார்கள். சண்முகக்கனி அழகுராணியின் காலடியில் உட்கார்ந்து, "நாந்தாண்டி பாயை விரிச்சுக் கொடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஆனாலும் அவள் வீடுதான் இப்போது கோட்டின் மேட்டுப்பக்கம் இருந்தது, அடுத்த வாரமே செல்லூர்ப் பக்கம் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதைக் குறைசொல்ல முடியாது. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

அழகுராணி சுவரைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கிட்டே போனாள். குனிய முடியவில்லை. கால் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள், முன்னைப்போலவே வெதுவெதுப்பாக இருந்தது.

"தோண்டுங்க" என்றாள் சுற்றி நின்றவர்களிடம். "எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல, தோண்டுங்க."

அவள் கெஞ்சினாள், பிறகு ஏசினாள், ஜென்மத்தில் சொல்லாத கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னாள். வேண்டாம் என்று ஒரு ஆள் சொல்லமாட்டானா என்று ஒரு காலத்தில் ஏங்கினாளே, இப்போது மொத்தக் காம்பவுண்டும் வேண்டாம் என்று தலையாட்டியது.

மறுநாள் மத்தியானம் ஜைத்தூன் குழையக் குழைய வடித்த சோறும் பருப்பும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஆறாம் வீட்டில் அடுப்பு இல்லை, யாரிடமோ இரவல் வாங்கிய அடுப்பில் வடித்த சோறு.

"ரெண்டு வாய் சாப்பிடு ராணி. மருந்து போடணும்ல."

அழகுராணி சாப்பிடக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் சோற்றின் ஆவி முகத்தில் பட்டதும் வயிறு கூப்பிட்டது. எத்தனையோ வருடமாக அவள் வயிற்றுக்கு வலிக்கத் தெரியும், உப்பத் தெரியும், முறுக்கத் தெரியும், இது தெரியாது. அது இப்போது ஒன்றும் நடக்காததுபோல, ஒரு ஆரோக்கியமான பொம்பளையின் வயிறுபோல, பசித்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. புருஷன் போய்ப் பன்னிரண்டு நாளில் இப்படியும் பசிக்குமா என்று அருவருப்பாக இருந்தது. கை தானாகப் பிசைந்தது, வாய் தானாக வாங்கிக்கொண்டது, தட்டு காலியாகும்வரை அவள் நிமிரவில்லை.

பிறகு கையைக்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலி வரட்டும் என்று காத்திருந்தாள். வரவேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டாள், ஜைத்தூனின் அல்லாவையும் வேண்டிக்கொண்டாள், ஒரு முறுக்கு வந்தால்கூடப் போதும், அவனோடு சேர்ந்து தானும் கொஞ்சம் போனதுபோல இருக்கும். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. சாப்பிட்டது எங்கேயும் தடுக்காமல், எங்கேயும் நிற்காமல், சுகமாக இறங்கிப் போனது.

ஜைத்தூன் தட்டை எடுக்க வந்தாள். அழகுராணி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு இருக்கா?"